ஆமென் என்னிடம் இருந்தது

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவை என் பொறுப்பில் விட்டார்கள்.
2. வீட்டுக்கு வந்த பிறகும் இயந்திரங்கள் என் தலைக்குள் ஓடின. தூக்கம் குறைந்தது.
3. ஜெபிக்க உட்கார்ந்தால் உடம்பு உட்கார்ந்தது, மனம் உட்காரவில்லை.
4. இனி தேவனை ஒழுங்காகத் தேடுவது என்று முடிவு செய்து ஓர் அட்டவணை போட்டேன்.
5. அட்டவணை நன்றாகவே நடந்தது. இளைப்பாறுதல்தான் வரவில்லை.
6. சுங்காயில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தபோது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னால் எல்லாருடைய தேத்தண்ணியும் ஆறிப்போனது.

எழுத வந்தது ஆறாவதைப் பற்றி. ஆனால் நான்காவதைக் கொஞ்சம் விளக்காமல் அங்கே போக முடியாது.

பழுது என்றால் அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரி பார்த்து, முடித்ததற்கு அடையாளம் போடுவது என் பழக்கம். அதற்குத்தான் படித்தேன், அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அதனால் ஜெபத்தையும் அப்படியே பிரித்தேன். திங்கள் குடும்பம், செவ்வாய் சபை, புதன் வேலையிடம், வியாழன் நோயாளிகள். காலையில் எழுந்ததும் வேத வாசிப்பு, பிறகு அன்றைய தலைப்பு. கைபேசியில் நினைவூட்டலும் உண்டு. ஒரு நாள் அது அலறியதைக் கேட்டு, தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆண்டவருக்கும் ஷிப்ட் போட்டுட்டியா?"

"நெனப்பு வர்றதுக்குத்தான்மா."

"பாவம் அவரு. ஓ.டி. இருக்கான்னு கேட்டுக்க."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சிரிப்பாக இல்லை. வருத்தப்பட்டு வருகிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னவரிடம்தான் தினமும் போகிறேன், போன மாதிரியே திரும்பி வருகிறேன் என்றால் கோளாறு எங்கே என்று தெரியவில்லை. அறிக்கை அனுப்பிவிட்டுப் பதில் வராமல் காத்திருக்கும் ஆளைப் போல இருந்தேன்.

இந்த நிலையில் சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்தும் அக்கா கூப்பிட்டார். மாதம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது எங்கள் சபை வழக்கம். இந்த முறை சுங்காய் பக்கம்.

"சனிக்கிழம சாயங்காலம் நீ வா. என் காடி வர்க்‌ஷாப்ல கெடக்கு, உன் காடில போலாம்."

"ஜெபிக்கக் கூப்பிடுறீங்களா, டிரைவராக் கூப்பிடுறீங்களா அக்கா?"

"ரெண்டும்தான் லா."

வாரேன் என்றேன். அக்காவிடம் சொல்லாத ஒன்றையும் அப்போது தீர்மானித்திருந்தேன். இந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது, அங்கேயும் இப்படியே இருந்தால் தனி ஜெபத்தை விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனைக்குப் போய், பாட்டுக்கு எழுந்து, பிரசங்கத்துக்கு உட்கார்ந்து, வீடு திரும்பலாம். அப்படியும் பலர் இருக்கிறார்கள். அதை நினைத்தபோது பெரிய துக்கம் எதுவும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஈப்போவிலிருந்து கிளம்பும்போதே வானம் கறுத்திருந்தது. அந்த வீடு முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தின் ஓரத்தில் இருக்கிறது. இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், நான் மாமா என்று கூப்பிடுவேன். அத்தை சமையலறையில் அரிசிச் சேமியா போட்டு மீகூன் பிரட்டிக்கொண்டிருந்தார். முன்னறையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது.

பாட்டு முடிந்ததும் அக்கா ஜெப விண்ணப்பங்களைக் கேட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகனின் பரீட்சை. என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லக்கா."

பிறகு சங்கிலி ஜெபம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டத்தில் ஒருவர் ஜெபித்து 'ஆமென்' என்றதும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். அவர் ஆமென் சொல்லும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் சபையில் இதை யாரும் மீறியதில்லை. எவ்வளவு நீளமாக ஜெபித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

எனக்கு முந்திய முறை மாமாவுடையது. நான் என் பங்குக்குச் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். மாமா முழங்காலுக்கு ஜெபித்தார், பரீட்சைக்கு ஜெபித்தார், சபைக்கும் பாஸ்டருக்கும் ஜெபித்தார். நான் அடுக்கியிருந்தவை ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன. கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ள வேல செய்யிற எடத்துல மெஷினெல்லாம் ஒழுங்கா ஓடட்டும். ஓடலன்னாலும் பரவால்ல, நீங்க பாத்துக்கங்க. பிள்ளைக்கு நல்ல தூக்கத்தக் குடுங்க. அவங்க அம்மா போன்ல சொல்லிக் கவலப்பட்டாங்க. ஆமென்."

அம்மா எனக்கு முன்பே சுங்காய்க்கு விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார்!

என் முறை. சொல்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. 'ஓடலன்னாலும் பரவால்ல' என்பதிலேயே நின்றுவிட்டேன். இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. ஆண்டவரிடம் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதிது.

அடுத்த பக்கத்தில் அக்கா. நான் தடுமாறுவதைப் பார்த்து அவர் தொடங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொடங்கவில்லை. யாரும் அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது: நான் ஆமென் சொல்லவில்லை, அதனால் இந்த வட்டத்தை என்னைத் தவிர யாராலும் நகர்த்த முடியாது.

எங்கள் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு விதி உண்டு. இயந்திரத்துக்குள் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டியவரே வந்து திறக்கும்வரை மேலாளர் நினைத்தாலும் அதை ஓட்ட முடியாது. எத்தனையோ இயந்திரங்களுக்கு அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறேன். எனக்கு நானே ஒருநாளும் போட்டதில்லை.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. அது வெகுநேரமாகப் பெய்துகொண்டிருந்தது, நான்தான் இப்போது கேட்டேன். தோள் தானாக இறங்கியது. ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் ஒப்படைத்துவிட்டார்கள். அவர் இருக்கிறார் என்பது மட்டும் மீதி இருந்தது. தேடிக்கொண்டு போன இடத்தில் அவர் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. நானும் உட்கார்ந்தேன், இந்த முறை மனமும் சேர்ந்து. கண்ணீரோ தரிசனமோ எதுவும் இல்லை. எழுந்து போக வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. சமையலறை வாசலிலிருந்து அத்தையின் மெல்லிய குரல் வந்தது.

"ஆமென் சொல்லும்மா, தேத்தண்ணி ஆறுது லா."

"ஆமென்," என்றேன். எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். தன் முறைக்கு வந்த அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டே வரியில் ஜெபத்தை முடித்தார். சபை வரலாற்றிலேயே அக்காவின் மிகச் சுருக்கமான ஜெபம் அதுதான் என்று முழங்கால் வலிக்காரர் அறிவித்தார்.

மீகூன் தட்டோடு மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லவேள நீ சீக்கிரம் முடிக்கல. நான் தூங்கிட்டேன்."

"என் தூக்கத்துக்கு ஜெபிச்சிட்டு நீங்க தூங்குனீங்களா மாமா?"

"உனக்குக் கேட்டேன், அவரு எனக்கும் சேத்துக் குடுத்துட்டாரு."

திரும்பி வரும்போது காரில் அக்கா, "அங்க என்ன ஆச்சு?" என்று கேட்டார். கூட்டத்துக்கு முன் எடுத்திருந்த முடிவை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். விட்டுவிடலாம் என்று வந்தேன், இனி விட மாட்டேன் என்றேன்.

"அப்ப அந்த அட்டவண?"

"இருக்கும் அக்கா. மத்தவங்களுக்காக ஜெபிக்க மறந்துடக்கூடாதுல்ல. ஆனா அது கடசிலதான். மொதல்ல சும்மா உக்காரப் போறேன்."

"நீ சும்மா உக்காருவியா?"

"மாமா வீட்டுல உக்காந்தேனே!"

"அதான் எங்க எல்லாருக்கும் தேத்தண்ணி ஆறிப்போச்சு," என்றார்.

இப்போது நிலைமை இது. இயந்திரங்கள் முன்பு போலவே பழுதாகின்றன. பெரும்பாலான நாள்களில் தூங்குகிறேன், தூங்காத நாள்களும் உண்டு. ஞாயிறு காலை தொழிற்சாலையிலிருந்து வரும் பழுது அழைப்புகளை என் பிரிவில் இன்னொருவர் எடுக்கிறார், அவர் தொழுகைக்குப் போகும் வெள்ளி மதியம் அவருக்குப் பதிலாக நான் எடுக்கிறேன். தினமும் காலையில் ஆண்டவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் உட்காருகிறேன், பிறகு ஆமென் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.