மூன்றாம் வளைவில் விட்டுவந்த கல்

நம்பாதவர்கள் மார்த்தாண்டம் போய் டைட்டஸின் வலது கையைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள். நான் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தொடங்கியது சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு. 2014 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை.

டைட்டஸ் பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொச்சியிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டுக் காரும் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறும். ஆனால் வயிறு தரையைத் தொடாத குறைதான். "முதலாளி, இது காரா உடும்பா?" என்று தோட்டத்து ஆட்கள் கேலி செய்வார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஒன்பது கிலோமீட்டர் செம்மண் பாதையில் ஒரு சக்கரத்தை நடுத்திட்டில் ஏற்றி, மறு சக்கரத்தை ஓரத்தில் விட்டு, அடி உரசாமல் ஓட்டிக் காட்டுவார். தனியாகப் போனால் எங்கும் இடிக்காது. கூட ஒரு ஆள் ஏறினால் மட்டும் மூன்றாம் வளைவு மேட்டில் உரசும். அங்கே ஆளை இறக்கி நடக்க விடுவார்.

அந்த மலைப்பாதைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சரிவில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விடியும் முன்னால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மொபெட்டில் வரும் வழி அது. செப்டம்பரில் ஒரு நாள் டைட்டஸ் மூன்றாம் வளைவில் கல் வைத்து நிறுத்தினார். போன் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. காலில் புது ஷூ. கல்லை எடுக்காமலே காரில் ஏறி வந்துவிட்டார்.

மறுநாள் காலை நாலு இருபதுக்கு ஞானசிங் என்ற பால்வெட்டுக்காரரின் மொபெட் அந்தக் கல்லில் மோதியது. மழை என்று மற்றவர்கள் யாரும் வரவில்லை. ஆறு மணிக்கு ஆட்கள் பார்த்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி சேருவதற்குள் போய்விட்டது. கல் யார் வைத்தது என்று டைட்டஸுக்கு மட்டும் தெரியும். அடக்கத்துக்குப் போய் மலர் வளையம் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் தோட்டத்திலிருந்து கிளம்பும்போது ஞானசிங்கின் மனைவி தங்கபாய் காரை மறித்தாள். அவளும் அங்கேதான் பால் எடுக்கிறாள்.

"முதலாளி, கல்லு தானா நடந்து நடுரோட்டுக்கு வருமா?"

"மழையில உருண்டு வந்திருக்கும்."

"உருண்ட கல்லுல டயர் தேஞ்ச கறுப்பு எப்படி வரும்?"

"எனக்கெப்படி அறியும்? நேரமாச்சு, மாறி நில்லு."

மாறி நின்றாள். காலியாகக் கிடந்த பின் சீட்டைப் பார்த்து, "பைய போங்க" என்றாள்.

மணி ஐந்து ஐம்பது. ரப்பர் மரங்களுக்குள் அதற்குள் இருட்டு. டைட்டஸ் விளக்கைப் போட்டார்.

5.58. முதல் வளைவு. டக்... அடியில் கல் தட்டியது. தனியாக வரும்போது இந்த இடத்தில் தட்டியதே இல்லை. கவனம் பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் வளைவில் விளக்கு வெளிச்சம் பாதையில் விழவில்லை. மரக் கிளைகளில் விழுந்தது. பின்னால் பாரம் ஏறினால்தான் முன்விளக்கு அப்படித் தூக்கும்.

6.03. மூன்றாம் வளைவு மேடு. கர்ர்ர்ர்... பின்பக்கம் உரசியது.

கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை.

மேட்டைத் தாண்டியதும் பாதை நடுவில் ஒரு கல் கிடந்தது. காரின் வயிற்றைக் கிழிக்கும் உயரம். இறங்கி ஓரத்தில் போட்டார். சேற்றுக்குள் கொஞ்சம் நீலப் பெயிண்ட் தெரிந்தது.

6.09. நாலாம் வளைவு. நடுவில் கல். அதே நீலப் பெயிண்ட்.

எடுத்துப் போட்டார்.

6.14. ஐந்தாம் வளைவு. செங்குத்து இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

அதே கல்...

ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு இறங்கினார். காருக்கு முன்னால் குனிந்தார். கல்லைத் தூக்கினார்.

கட்டக்...

ஹேண்ட்பிரேக் இறங்கும் சத்தம்.

கார் வந்தது.

ஓட இடமில்லை. கையிலிருந்த கல்லையே சக்கரத்துக்கு அடியில் திணித்தார். கார் நின்றது.

அவருடைய வலது கை விரல்கள் கல்லுக்கும் டயருக்கும் நடுவில் இருந்தன.

அவர் அலறியது அவருக்கே கேட்கவில்லை. விளக்கு அணைந்தது. பின் கதவு திறந்தது... கார் மெல்ல உயர்ந்தது. ஒரு ஆள் இறங்கினால் உயருமே, அவ்வளவு.

சருகில் காலடி. பக்கத்தில் வந்து நின்றது. புளித்த ரப்பர் பால் நாற்றம்.

"ஞானசிங்... எனக்க தப்புதான்... விட்டுரு..."

பக்கத்தில் யாரோ குந்தினார்கள். மூச்சு கேட்டது. ராத்திரி முழுக்க... அந்த மூச்சு மட்டும்.

இடது கை வாட்சில் நாலு இருபது. மொபெட் கிளம்பும் சத்தம். மேலே ஏறிப் போயிற்று.

நாலு முப்பத்தைந்துக்குப் பால் வெட்ட வந்த செல்வனும் இன்னும் நாலு பேரும் காரைத் தூக்கி அவரை வெளியே எடுத்தார்கள். கல்லை வழக்கம்போல் ஓரத்தில் போட்டவன் செல்வன்தான். காரின் ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்தபடியே இருந்தது. அதை ஐந்து பேரும் பார்த்தார்கள். டைட்டஸுக்கு மூன்று விரல் போயிற்று.

எட்டாம் நாள் தங்கபாய் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செல்வன் கட்டில் பக்கத்தில் இருந்தான். அவன் முன்னாலேயே டைட்டஸ் அழுதுகொண்டு சொன்னார்: "அந்தக் கல்லு வச்சது நானாக்கும்."

"அறியும்" என்றாள் அவள். "அந்தக் கல்லைத்தான் அவியளுக்க கல்லறையில தலைமாட்டுல வச்சேன். நீலப் பெயிண்டுல பேரும் எழுதினேன். டெய்லி போய்ச் சொல்லுவேன், 'வச்சவன்ட்ட கொண்டு குடுத்திட்டு வாங்க'ன்னு."

செல்வன் நேரே மலைக்குப் போனான். ஐந்தாம் வளைவில் அவன் போட்ட இடத்தில் கல் இல்லை. பதினோரு கிலோமீட்டர் தள்ளி, கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினான். கல் ஞானசிங்கின் தலைமாட்டில் இருந்தது. சுற்றிலும் புல் கலையவில்லை. நீல எழுத்தின் மேல் ஒரு டயர் தடம்.

அந்த எட்டு நாளும் மழையே இல்லை. தடத்தில் செம்மண் ஈரமாக இருந்தது.