அம்மா குளிப்பாட்டி வைத்த மலை

நனைந்த கம்பளியின் வாடை... அதை முகராதவனுக்கு மலைநாட்டு மழைக்காலத்தை விளக்க முடியாது. பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினால் மூக்கில் முதலில் அடிப்பது அதுதான். பீடியும் வெற்றிலையும் பிறகு.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள். எனக்கு முதல் வேலை. கொட்டகலையில் என்னோடு படித்தவர்கள் இன்றைக்கும், "அப்ப பஸ்ஸுலயே சுத்திக்கிட்டு என்னதான்டா வேல பாத்தே?" என்று கேட்கிறார்கள். ஒருமுறை எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்க வேண்டாம்.

நாடு முழுக்கத் தேயிலை எப்படி இருக்கிறது என்று வாராவாரம் பார்த்து, கொழும்புக்குத் தந்தி அடிக்க வேண்டும். ஊவாவுக்கு ஒருவன், கீழ்நாட்டுக்கு ஒருவன், இறம்பொடைப் பக்கம் ஒருவன். அட்டனும் பொகவந்தலாவையும் எனக்கு.

கொப்புள நோய் புதிதாக வந்து ஆட்டிவைத்த காலம் அது. மழையும் மூட்டமும் விடாமல் பிடித்தால் இளங்கொழுந்தில் கொப்புளம் எழும்பும். இலைக்கு அடியில் வெள்ளை பூக்கும். பிறகு கருகிவிடும். கொழுந்து இல்லை என்றால் ஆட்களுக்கு வேலை இல்லை. செம்பு மருந்து அடித்தால் நோய் நிற்கும், ஆனால் இருந்த மருந்து எல்லா இடத்துக்கும் போதாது. எந்தப் பள்ளத்தாக்கு மோசம் என்று தந்தி போகிறதோ, லொறி முதலில் அங்கே வரும்.

நான் 'நல்லது' என்று அடித்தால் லொறி வராது.

அந்த வாரம் போனது நான் பிறந்த தோட்டத்துக்கு. அம்மா அங்கேதான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். தேயிலை மலைகளில் வேலை வாங்கும் கண்டக்டர், சின்ன வயதில் என்னை 'டேய்' என்று விரட்டியவர், அன்றைக்கு நாற்காலி போட்டார்.

"வாங்க தம்பி. ஊரெல்லாம் கொப்புளம்ங்கிறாங்க. நம்ம தோட்டத்துல ஒன்னு காட்டுங்க பாப்போம்."

ரோட்டோர மலையில் இறங்கிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு கொப்புளம் இல்லை. கொப்புளம் மட்டுமா? ஒரு குருத்து கூட இல்லை. ஒவ்வொரு செடியும் சலூனிலிருந்து வந்த மாதிரி நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீடு போலத் தரையைக் கூட்டி வேறு வைத்திருந்தார்கள். நோய் வருவதே குருத்தில்தான். குருத்தையே கிள்ளிவிட்டால் நான் எதைப் பார்ப்பது?

கொஞ்சம் தள்ளி, தண்ணீர் ஓடும் கானில், கிள்ளிப் போட்ட இலைகள் குவிந்து கிடந்தன. ஒன்றைத் திருப்பினேன். அடியில் வெள்ளை.

எனக்குப் பொறுமை என்றைக்கும் கிடையாது. மேல் நிரையில் நின்ற பெண்களைப் பார்த்து, "யாரு செஞ்ச வேல இது?" என்று கத்தினேன்.

"நாங்கதான்," என்றார் பாக்கியம் அத்தை. அப்பாவின் தங்கை, யாருக்கும் பயப்படாத வாய். "நம்ம புள்ள ஆபீசரா வருது. மலை அசிங்கமா கெடந்தா ஒனக்குத்தானே கேவலம்? ஒங்கம்மாதான் எல்லாரையும் கூப்புட்டுச்சு."

"காச்சக்காரனக் குளிப்பாட்டி பவுடர் போட்டுத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?"

"ஆமா. அழுக்கா கூட்டிட்டுப் போனா டாக்டரு வைவாருல்ல?"

மலை முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் நல்லாருக்குன்னு எழுதுனா மருந்து இறம்பொடைக்குப் போயிரும். அடுத்த மாசம் நீங்க வெறுங்கூடையோட லயத்து வீட்டுல உக்காந்திருக்கணும்."

சிரிப்பு நின்றது.

"அப்ப மோசமான எடந்தான் பாக்கணுமா?" என்று கேட்டார் அம்மா.

"அதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. வா, ஆத்தோரம்." இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அட்டைகள் காலில் ஏறின. அங்கே தொட்ட கொழுந்தெல்லாம் கொப்புளம்... சில செடிகள் தீயில் வாட்டியது போல நின்றன.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்த கண்டக்டர், "தம்பி, இத எழுதுனா தோட்டத்துத் தொர என்னையத்தான் கேப்பாரு," என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். "சொந்தத் தோட்டத்துக்கே கெட்ட பேரு வாங்கித் தர்றியேடா..."

நாற்காலி மரியாதை அத்தோடு முடிந்தது.

பஸ்ஸைப் பிடித்து பஜாருக்குப் போய்த் தந்தி அடித்தேன். 'மிக மோசம்'. சொந்தத் தோட்டத்தைப் பற்றி இப்படி எழுதியதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். லொறி வந்தது. ஆற்றோரம் முழுக்கச் செம்பு மருந்தின் நீலம் படிந்தது. அந்த மழைக்காலம் எங்கள் லயத்தில் ஒருவரும் வேலை இல்லாமல் உட்காரவில்லை.

அடுத்த முறை நான் போனபோது பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு கொப்புள இலை, சீர்த்தட்டு ஏந்துவது போல. கஷ்டப்பட்டுத் தேடியிருக்கிறார்கள், ஏனென்றால் நோய் குறைந்துவிட்டிருந்தது. "இதுதான் இருக்கதுலயே பெருசு. மேமலைக்காரிங்ககிட்ட இது மாதிரி இருக்காது, பாத்துக்க," என்றார் அத்தை.

இப்போது நான் கொழும்பில், மின்விசிறிக்குக் கீழே. சுவரில் நாட்டு வரைபடம். எல்லாப் பகுதித் தந்தியும் என் மேசைக்குத்தான் வருகிறது. நல்ல இடத்துக்குப் பச்சை ஊசி, மோசமான இடத்துக்குச் சிவப்பு. புதுப் பையன்கள் பச்சை என்று அனுப்பினால் டெலிபோன் போட்டு, "ரோட்டுல நின்னு பாத்தீங்களா, ஆத்தோரம் எறங்குனீங்களா?" என்று கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

வேலை இப்போது பெரியது, மேசையும் பெரியது. கம்பளி வாடைதான் இல்லை.

ஆனால் ஒன்று... நான் வருகிறேன் என்று ஒரு மலையையே குளிப்பாட்டி, தலைசீவி நிறுத்திவைக்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?