முதலில் பச்சைக் கோடு

இலங்கைத் தேசியக் கொடி தைக்கும்போது பச்சைத் துணியைத்தான் யசவதி அக்கா முதலில் ஊசிக்கடியில் வைப்பார். அடுத்தது காவி. இரண்டையும் சேர்த்து, குச்சி நுழைகிற பக்கத்தை மடித்து இரட்டைத் தையல் போட்ட பிறகுதான் வாளேந்திய சிங்கத்துக்கு முறை வரும். ஊரில் மற்றவர்கள் சிங்கத்தில்தான் தொடங்குவார்கள். அதைச் சொன்னால், உதட்டில் கவ்விய குண்டூசிகளுக்கு இடையிலிருந்து பதில் வரும்: "காத்தோட இழுப்பு முழுக்க இந்தக் கோட்டுலதான் தம்பி விழுது. இது உறுதியா இருந்தாத்தான் சிங்கம் நிக்கும்."

குருநாகல் பாதையில் எங்கள் சந்தைக் கட்டடத்தில் ஏழாம் எண் கடை அவருடையது. எதிரே என் பத்திரிகைக் கடை. வருடம் முழுக்கப் பள்ளிச் சீருடை தைப்பார். சுதந்திர தினம் வந்தாலும் தேர்தல் வந்தாலும் கொடி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைக் காவி நூலால் கட்டி வைத்திருக்கிறார். வழுக்குகிற துணி கையை மீறினால் சிங்கத்தையே அதட்டுவார்: "அடங்குடா! உன்ன விடப் பெரிய ஆளுங்களுக்கெல்லாம் காற்சட்டை தைச்சவ நான்." பக்கத்துத் தேநீர்க்கடை ஹமீம் நானா கொண்டுவரும் இஞ்சித் தேநீரை, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, நன்றாக ஆறிய பிறகே குடிப்பார்.

கொடிக்கு என்ன சக்தி என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். "போன தேர்தலப்போ, தெருவுக்குக் குழாய் வரலன்னு குடத்தத் தூக்கிக்கிட்டே தலைவரத் திட்டினேன். சாயங்காலம் அவரோட ஊர்வலம் வந்துது. முந்நூறு கொடி. உடம்பு சிலிர்த்துப் போச்சு, கண்ணுல தண்ணி. தேர்தலன்னிக்குப் போய் வாக்குச்சீட்டுல அவருக்கே புள்ளடி போட்டுட்டு வந்தேன். வீட்டுல காலிக் குடத்தப் பார்த்தப்பதான் புத்தி வந்துது. அத்தனையும் நானே தைச்ச கொடி தம்பி!" சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது. நானும் அவருக்குத்தான் போட்டிருந்தேன்.

அந்தத் தலைவர் பிரதேச சபையின் சேனாதீர; ஊருக்கு மாத்தையா, அதாவது ஐயா. இந்தத் தடவை அவர் மறுபடி நின்றபோது ஒரு புது யோசனையோடு கடைக்கு வந்தார். முந்நூறு கொடி வேண்டும். பச்சையும் காவியும் கூடாது, சிங்கம் மட்டும். சிங்கம் சிங்களவர்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, காவி தமிழர்களுக்கு என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

"நம்ம சனத்துக்கு ரத்தம் சூடாகணும் அக்கா," என்றார்.

அக்கா அளவுநாடாவைச் சுருட்டி வைத்தார். "ஹமீம் நானா போடுற தேத்தண்ணிய தினம் ரெண்டு தடவை குடிக்கிறேன். நூல்கடை சிவலிங்கம் பொங்கலுக்குப் பொங்கல் பானையோட வீட்டுக்கு வர்றாரு. அவங்கள வெட்டிப் போட்டுட்டு எந்தக் கையால மாத்தையா தைக்கிறது? கோடு இல்லாட்டி அது கொடி இல்ல, துணி."

"கடை சபையோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கொடி நாட்டோடதுன்னு உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

மறுநாள் காலை ஏழாம் எண் கடையில் தலைவரின் பூட்டு தொங்கியது. பதினெட்டு வருடக் கடை. ஏனென்று கேட்கச் சந்தையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. எண்ணெய் போடுவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்ததால் தையல் இயந்திரம் மட்டும் தப்பியது. அதைச் சந்தை வாசல் மரத்தடியில் போட்டுக்கொண்டு அக்கா சீருடைக்குப் பொத்தான்காஜா எடுத்தார். "அவரு ஜெயிச்சா இந்த மரம்தான் தம்பி எனக்குக் கடை. மழை பேஞ்சா லீவு," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஊர்வலம் வந்தது. கோடில்லாத கொடி அவசரத்துக்கு எங்கும் கிடைக்கவில்லையாம். கடையில் விற்கும் கொடிகளை வாங்கி, பச்சையையும் காவியையும் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குச்சியில் ஸ்டேப்ளர் கம்பி அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மேளம் முழங்க முந்நூறு சிங்கங்கள் வந்தபோது, காலையில் தேங்காய் விலைக்காக அழுதவர்களெல்லாம் கோஷம் போட ஆரம்பித்தார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அக்கா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முனகினார்: "மடையனுங்க. தையலோட சேர்த்து வெட்டிட்டானுங்களே."

சந்தைத் திருப்பத்தில் வயல்காற்று வேகமாக அடிக்கும். முதலில் ஒரு சிங்கம் பிய்த்துக்கொண்டு பறந்தது. அடுத்து பத்து, அப்புறம் கணக்கில்லை. மீன்கடைக் கூரைமேல் ஒன்று, சாக்கடையில் நாலு, பஸ் கண்ணாடியில் ஒன்று. தேசியக் கொடியை மிதிப்பது பாவமென்று ஊர்வலக்காரர்கள் ஒற்றைக் காலில் குதித்தார்கள். மேளக்காரரும் குனிந்து பொறுக்கினார். கடைசியில் முந்நூறு பேர் வெறுங்குச்சியோடு நடுரோட்டில் நின்றார்கள். சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்: "அதெல்லாம் இருக்கட்டும் மாத்தையா, எங்க தெருக் குழாய் எங்க?" அதன்பின் தேங்காய் விலை, உரம், இருட்டுத் தெரு என்று ஒவ்வொன்றாக வந்தது. சிரித்து முடித்தவர்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் வாக்குப்பெட்டியிலும் அதுவே வந்தது, அவர் தோற்றார்.

ஆனால் ஊர்வலத்தன்று மேடையேற அவருக்கு ஒரு கொடியாவது வேண்டியிருந்தது. வேர்த்து வழிய மரத்தடிக்கு வந்தார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அவசரம்."

"நாப்பது தைச்சு வெச்சிருக்கேன் மாத்தையா, கோட்டோட. எல்லாம் உள்ள இருக்கு. பூட்டுதான் உங்களோடது."

அத்தனை பேர் பார்க்க, தலைவர் தன் கையாலேயே பூட்டைத் திறந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினேன். ஹமீம் நானா தட்டினார், சந்தை முழுக்கத் தட்டியது. அக்கா உள்ளே போய் ஒரு கொடியை எடுத்து வந்தார். தலைவர் பதற்றத்தில் சிங்கத்தின் பக்கம் பிடித்து இழுத்தார். "அப்படியில்ல, இந்தப் பக்கம் பிடிக்கணும்," என்று அக்கா கொடியைத் திருப்பி, பச்சையும் காவியும் அவர் கைப்பக்கம் வரும்படி கொடுத்தார்.

நானும் நானாவும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தோம். அக்கா பூட்டிலிருந்து சாவியை உருவி, அளவுநாடாவின் நுனியில் முடிந்து, கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, பச்சைத் துணியை ஊசிக்கடியில் வைத்தார்.