ரக்பிக்கு மூச்சு வைத்தவள்

செய்தி வந்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். லூர்து மேரியின் தம்பி அந்தோணி, "அக்கா போயிடுச்சிங்க" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டான். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. நான் அங்கேயே நின்று அழுதேன்.

திருவக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் ஊருக்குச் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கியதும் என் அழுகை நின்றுவிட்டது. எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். மூலையில் தீப்பெட்டி அளவுக்கு லூர்துவின் படம். மீதி இடம் முழுக்கக் கைகூப்பியபடி கஜேந்திரன் சார். கீழே "என் அன்பு மாணவிக்கு" என்று எழுதியிருந்தது. மாணவியாம்! கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே லூர்துதான். அதுவரை அவர் ஒயரைப் பிடுங்கித்தான் அணைத்துக்கொண்டிருந்தார்.

நம் சென்டரில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதுகிற இடத்தில் உயிரோடு இருப்பவரைத் திட்டக் கூடாது என்பார்கள். அந்த நாகரிகத்தைப் பேனர் வைத்தவர் முதலில் காட்டியிருக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரத்தில் ஒரு கிளை, திண்டிவனத்தில் ஒரு கிளை என்று எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் நடந்தது. விழுப்புரத்தில் லூர்து புரோகிராம் சொல்லிக்கொடுத்தாள், நான் டேலி. திண்டிவனத்துக்கு மேனேஜர் கஜேந்திரன் சார். முதலாளியின் மச்சான் என்பதைத் தவிர அவருக்கு வேறு படிப்பு கிடையாது. வகுப்பு இல்லாத நேரத்தில் பையன்கள் காசு கொடுத்து கேம் ஆடலாம் என்று முதலாளி ஒரு அறை ஒதுக்கியிருந்தார். கிரிக்கெட் கேட்டு ஆள் அனுப்பினால் வந்தது ரக்பி சிடி. எங்கள் பழைய கம்ப்யூட்டர்களில் தடங்கல் இல்லாமல் ஓடியதும் அது ஒன்றுதான். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு எதிராளியின் கோட்டைத் தாண்டி ஓடுகிற ஆட்டம் என்பதால் பையன்கள் அதற்கு முட்டைப்பந்து என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஓரத்தில் நிற்கும் ஆளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, ஓடும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். அவன் கோட்டைத் தாண்டித்தான் நிற்பான். எதிராளி பதினைந்து பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு கஜேந்திரன் சார் இரண்டு கிளைகளிலும் சாம்பியனாக உலவினார். ஒரு சனிக்கிழமை விழுப்புரத்துக்கு வந்து, மாணவர்கள் சூழ்ந்து நிற்க லூர்துவை உட்காரவைத்துத் தோற்கடித்தார். தோற்கடித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. "பொம்பளைங்களுக்கு இது வராதும்மா. கோலப்போட்டி வைக்கிறேன், அதுல வந்து ஜெயி" என்றார். அவளிடம் படிக்கிற பிள்ளைகளே சிரித்தார்கள்.

அன்று பஸ்ஸில் ஏறப்போகும்போது அவள் சொன்னாள்: "அவரு ஜெயிக்கல சுமதி. அந்த கேம் அவர ஜெயிக்க வுட்டுச்சி. நெஜத்துல எவன்டி மூச்சு வாங்காம ஓடிக்கினே இருப்பான்?"

அவள் ரக்பி பார்த்ததே இல்லை. நானும்தான். ஆனால் அந்த ஆட்டத்தின் ஃபைல்களை அவள் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு ஆளின் வேகமும் பலமும் களைப்பும் எண்களாக உள்ளே கிடந்தன. களைப்பு என்று ஒன்று இருந்ததே தவிர, அதற்கு வேலை எதுவும் கொடுத்திருக்கவில்லை. எந்த எண் எதை அசைக்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தாள். புரியாததை, இந்த ஆட்டத்துக்காரர்கள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் தப்பும் தவறுமான இங்கிலீஷில் கேட்டாள். முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நம் ஊரில்தான் அவளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

காணும் பொங்கலன்று கபடி பார்க்க என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு நான் ஆட்டத்தைப் பார்த்தேன். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பிடிபட்டு வெளியே வந்து முழங்காலில் கையை ஊன்றி நிற்பவர்களிடமே போய் நின்றாள். கால் முதலில் போகிறதா, மூச்சு முதலில் போகிறதா என்று கேட்டாள். அந்தோணியின் கூட்டாளி ஒருவன், "மூச்சு போனா கண்ணு போயிடும்க்கா. எதுக்க ஆளு நிக்கிறதே தெரியாது" என்றான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அன்று முழுதும் வெயிலில் நின்றதாகத் திரும்பும்போது சொன்னாள். அடுத்த வாரமே களைத்தவன் எறியும் பந்து கோணலாகப் போக ஆரம்பித்தது.

முதல் முயற்சி சிரிப்பாய்ச் சிரித்தது. கபடி மூச்சை அப்படியே ரக்பிக்கு வைத்துவிட்டாள். ஒரே மூச்சில் பாடிப் போய் ஒரே மூச்சில் திரும்புகிறவனுடைய அளவு அது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முப்பது பேரும் தள்ளாடினார்கள். "மிஸ், எல்லாரும் ரேஷன் கடைக்குப் போற மாதிரி போறாங்க" என்றான் ஒரு மாணவன். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது லூர்துதான். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். கபடியில் மூச்சை அடக்க வேண்டும், இதில் மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபட்டது. நடந்தால் மூச்சு திரும்பும், நின்றால் இன்னும் திரும்பும், கண்மூடித்தனமாக ஓடினால் போய்விடும் என்று மாற்றினாள். பிடிபட்டவன் பந்தை விட்டே ஆக வேண்டும் என்பதிலும், பந்தை முன்பக்கம் எறியக் கூடாது என்பதிலும் நடுவரைக் கறாராக்கினாள். பையன்கள் முதலில் திட்டினார்கள், அப்புறம் வீட்டுக்குப் போக மறுத்தார்கள்.

லூர்து திருத்திய ஆட்டத்தின் சிடியைத் திண்டிவனத்துக்கு அனுப்பச் சொல்லி முதலாளி கேட்டார். அனுப்பினோம். அடுத்த மாதம் அங்கே போனால் ஆட்டத்தின் முகப்பில் "கஜா ரக்பி" என்று மஞ்சள் எழுத்தில் மின்னுகிறது. அதைச் செய்வதற்கும் ஒரு மாணவனைத்தான் பிடித்திருக்கிறார். மீட்டிங்கில் முதலாளி தன் மச்சானின் மூளையைப் புகழ்ந்தார். இரண்டு கிளைகளையும் இனி அவரே பார்த்துக்கொள்வார் என்றும் அறிவித்தார். கஜேந்திரன் சார் எழுந்து, லூர்துவும் சின்னச்சின்ன உதவி செய்தாள் என்று பெருந்தன்மை காட்டினார். சண்டை போடேன் என்று மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "பேரு போட்டுக்கினாரு இல்ல? இனிமே அந்தப் பேருக்கு அவரே பதில் சொல்லட்டும்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. உள்ளே இருந்தபோது கோபத்தை வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆண்டு விழா வரைக்கும் அவள் வேலை செய்தாள். இந்த முறை காயத்தில் கை வைத்தாள். மூச்சு போனவன் மோதலில் சிக்கினால் அடிபடுவான். அடிபட்டவன் வெளியே போய்விடுவான். மாற்று ஆட்கள் தீர்ந்துவிட்டால் குறைந்த ஆட்களோடுதான் ஆட வேண்டும். கஜேந்திரன் சாருக்கென்று ஏதாவது கண்ணி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் வைக்கல. எனக்கும் அதே மூச்சு, அவருக்கும் அதே மூச்சு. நெஜம் மாதிரி பண்ணேன், அவ்ளோதான்." புது சிடியை அவளே மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை ஆடிக்கூடப் பார்க்கவில்லை. "கஜா ரக்பி இரண்டு" என்று முகப்பை மட்டும் மாற்றிக்கொண்டார்.

திண்டிவனத்தில் கல்யாண மண்டபம் பிடித்து விழா நடத்தினார்கள். மேடையில் பெரிய திரை. பெற்றோர்களும் முதலாளியும் முன்வரிசையில். உருவாக்கியவரே ஆடிக்காட்டுவார் என்று மைக்கில் அறிவித்தார்கள். எதிரே ஆட யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் லூர்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேறினாள். அவர் அதே வித்தையைத் தொடங்கினார். ஓரத்து ஆள் ஓடினான், பாதி மைதானத்தில் தள்ளாடினான், லூர்துவின் ஆட்கள் நிதானமாக நடந்துவந்து அவனைச் சாய்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. அடுத்தவனை ஓடவிட்டார். அவனுக்கும் ஸ்ட்ரெச்சர். லூர்து அவசரப்படவே இல்லை. ஆட்களை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, மூச்சு சேர்ந்த பிறகே பந்தை நகர்த்தினாள். அவர் பக்கத்தில் மாற்று ஆட்கள் தீர்ந்துபோய் மைதானமே காலியாகத் தெரிந்தது. மண்டபத்தில் ஒரே சிரிப்பு.

கேம் கெட்டுப்போய்விட்டது என்று அவர் கத்தினார். முதலாளி ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார்: "நீ பண்ணதுதானப்பா? ஜல்தியா சரி பண்ணு, எல்லாரும் வெயிட் பண்றாங்க இல்ல?"

கஜேந்திரன் சார் ஆட்டத்தை மூடினார். ஃபைல்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. மௌஸ் அம்பு அவற்றின் மேல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அத்தனை ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. லூர்து மைக் பக்கம் சாய்ந்து ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "எந்த ஃபைல்னு சொல்லட்டுங்களா சார்?"

அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு விருந்து சாப்பிட்டதுபோல் இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் மச்சான் மச்சான்தான். அவர் மேனேஜராகவே இருந்தார். அடுத்த பேட்ச் சேர்வதற்குள் லூர்துவுக்கு வேலை போயிற்று. புரோகிராம் வகுப்புக்கு ஆள் வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாளில் நின்றுவிட்டேன். விழுப்புரம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ரக்பியைத் திருத்திக்கொண்டேதான் இருந்தாள். மழை பெய்தால் பந்து வழுக்க வேண்டும் என்பது அவளுடைய கடைசிக் கவலை.

சிறுநீரகம் கெட்டு அவள் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஜேந்திரன் சார் ஆப்பிளோடு வந்தார். நான் அங்கேயே இருந்தேன். அவளுடைய அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார் சார். லூர்து ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள். "அந்த கேம யாரு பண்ணதுன்னு எங்கம்மாவாண்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். அவங்களுக்கு இன்னும் தெரியாது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார். அவர் காரில் வந்திருந்தார்.

அவர் போனதும் அவள் என் கையைப் பிடித்தாள். "நான் போனப்புறம் நீ எதுனா எழுதுவே. லூர்து எல்லாரையும் மன்னிச்சிட்டா, தங்கமான பொண்ணுன்னு மட்டும் எழுதிடாதடி. பேஜாரா இருக்கும்" என்றாள். சிரிக்க முடியாமல் சிரித்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். நான் அந்த மதமில்லை, பின்வரிசையில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் ஒன்று வந்தது. தமக்குத் தீங்கு செய்தவர்களைத் தாம் பொறுத்துக்கொள்வதாகக் கடவுளிடம் சொல்லும் வரி அதில் உண்டு. அதுவரை கணீரென்று சொல்லிவந்த அம்மா அந்த வரியில் வாயை இறுக மூடிக்கொண்டார். அது முடிந்ததும் அடுத்த வரியிலிருந்து மறுபடி சேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, ஆனாலும் அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறார்.

எனக்கு அந்த ஜெபம் முழுதாகத் தெரியாது. எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது மட்டும் தெரியும். லூர்து மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.