ஒரே ஒரு இடம்

படியேறி வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ரெமி கேட்டுவிடுவாள்: "அவசரமா எங்கயாவது போகணுமா?" கையில் கத்தரி ஓடிக்கொண்டிருக்கும், கண் கண்ணாடியில் இருக்கும், கேள்வி மட்டும் வாசலுக்கு வரும். இல்லை என்றால் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார வேண்டியதுதான். ஆமாம் என்றால் அடுத்த ஆள் அவர்தான். மறுநாள் தேவாலயம் என்பதால் சனிக்கிழமைகளில் பெஞ்சு நிறைந்து படிக்கட்டிலும் ஆட்கள் இருப்பார்கள். அன்றைக்கும் இதே சட்டம்தான். முணுமுணுப்பவர்களை அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

கல்லூரி மாணவன் ஒருவன் மாதம் தவறாமல் "ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா" என்று சொல்லி முன்னால் போய்விடுவான். வெட்டி முடித்ததும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து கேரம் ஆடுவான். இது உனக்குத் தெரியாதா என்று ஒருமுறை ரெமியிடமே கேட்டேன். வாயில் அடக்கியிருந்த பாக்கை மறு கன்னத்துக்கு மாற்றினாள். "பொய் சொல்றான்னு தெரியும் சார். ஒருநாள் நெசமா இருந்துட்டா?"

மிசோரத்தின் அய்ஸாலில் எங்கள் தெரு மலைச்சரிவில் ஓடுகிறது. ரெமியின் சலூன் முன்பக்கம் தெருவிலிருந்து நாலு படி உயரத்திலும் பின்பக்கம் மூன்று மாடி உயரத்திலும் நிற்கும். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. முழுப் பெயர் லால்ரெம்ருவாதி. சர்ச் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. வயது இருபத்தெட்டு. குள்ளம் என்பதால் உயரமான ஆண்கள் வந்தால் மணைப்பலகை ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டு ஏறிக்கொள்வாள். என் தலையில் இனி வெட்டுவதற்கு அதிகம் இல்லை என்றாலும், இந்த ஊரில் கணக்கு வாத்தியாராக இருபத்தோரு வருடம் ஓட்டிவிட்ட உரிமையில் மாதம் இரண்டு முறை போய் உட்கார்ந்துவிடுவேன். "சார், போன தடவை வெட்டினதே இன்னும் வளரல" என்பாள். ஆனாலும் துணியைக் கட்டிவிடுவாள்.

பாராட்டு மட்டும் அவளுக்கு ஆகாது. போன வருடம் போதகர் பிரசங்கத்தில், தன்னலம் பாராத நம் தெருப் பெண் ஒருத்தி என்று ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்துக்கு முன்பே ரெமி எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்கு நேர் எதிராக, வசவைத் தாங்குவாள். ஒருநாள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "பெத்த அம்மாவைவிட ஊரான் வீட்டுப் பொண்ணு பெருசாப் போச்சா உனக்கு?" என்று கேட்டாள். ரெமியின் கத்தரி நிற்கவில்லை. "தலையை ஆட்டாதீங்கக்கா, காது போயிடும்" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம்.

அப்போது ரெமி சைப்ரஸில் ஒரு சலூனில் வேலை பார்த்துவந்தாள். இங்கே அவள் அம்மா தாங்கிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, மருத்துவர் கைவிரித்துவிட்டார். அண்ணன் முவானா போன் செய்தான். அவன் லுங்லெய் ஊருக்கு வாடகை சுமோ ஜீப் ஓட்டுகிறவன், என்னிடம் படித்தவன். "அம்மா உன் பேரையே சொல்லிட்டு இருக்காங்க, கிளம்பி வா" என்றான். அன்றே கிளம்பிவிட்டாள். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாற வேண்டும். அங்கே இறங்கியபோது அறிவிப்புப் பலகை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பக்கத்து நாட்டில் சண்டை மூண்டு வான்வழியை மூடிவிட்டார்கள். எல்லா விமானமும் ரத்து.

விசா இல்லாதவர்கள் வெளியே போக முடியாது. விசா இருந்தவர்களுக்கும் ஊரில் அறை இல்லை. ஆயிரக்கணக்கானோர் தரையில் படுத்தார்கள். மூடிக் கிடந்த ஒரு வாசனைத் திரவியக் கடையின் முன்னால் ரெமி பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தபோது யாரோ மிசோ மொழியில் தும்மலுக்குப் பிறகு சொல்லும் வார்த்தையைச் சொன்னது கேட்டது. எழுந்து தேடிப் போனாள். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் இருபதுகளில் இருப்பவர்கள். செவிலியர், சமையல்காரர், மாணவர், ஒரு கால்பந்துப் பயிற்சியாளன்.

மூன்று மிசோக்கள் சேர்ந்தால் ஒரு சங்கம் வைக்காமல் விடமாட்டார்கள். ஏழு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். பயிற்சியாளன் ருவாதா தலைவர். லுங்லெய்க்காரி டாரி சாப்பாட்டுக் கூப்பன்களுக்குப் பொறுப்பு. அங்கே இருந்த ஒரே சார்ஜ் பாயிண்டைக் காவல் காக்கும் வேலை ரெமிக்கு. ருவாதா இப்போது அடுத்த பேட்டையில் இருக்கிறான். அவன் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கவும் வைப்பான். "சார், நாலு நாளும் ரொட்டிக்குள்ள கோழி. ரெண்டாவது நாள் ராத்திரியே நான் எழுந்து நின்னு தீர்மானம் கொண்டுவந்தேன், இனிமே சோறுன்னு யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு. ஏகமனதா நிறைவேறிச்சு. ரெண்டு நிமிஷத்துல டாரி, 'சோத்துக்கஞ்சி'ன்னு தூக்கத்துல உளறினா."

டாரி எட்டு மாதக் கர்ப்பிணி. கணவன் வேலையை விட்டு வர முடியாததால், பிரசவத்துக்குத் தனியாகத் தாய் வீட்டுக்குக் கிளம்பியவள். விமானத்தில் ஏற மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதி தாண்டினால் எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ரெமி அவளைக் கைகழுவும் இடத்துக்கு அழைத்துப் போய் குழாயடியில் தலையைச் சாய்த்து முடியை அலசிவிட்டாள், பின்னிவிட்டாள். "தலை காஞ்சா பயம் பாதி போயிடும்" என்றாளாம்.

மூன்றாம் நாள் காலை முவானா போன் செய்தான். தாங்கி இறந்துவிட்டார்.

இங்கே எங்கள் பேட்டையில் ஒலிபெருக்கி அறிவித்தபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பையை வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். வழக்கப்படி மறுநாள் நண்பகலுக்குள் அடக்கம் ஆகிவிட வேண்டும். இளைஞர்கள் குழி வெட்டக் கடப்பாரையோடு தயாராக வந்துவிட்டார்கள். முவானா வாசலில் நின்று, "தங்கச்சி வரட்டும்" என்றான். பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். "வரட்டும்" என்பதற்கு மேல் அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் வைத்திருப்பது என்று முடிவாயிற்று. இந்தத் தெருவில் அதுவரை நடக்காதது.

எங்கள் ஊரில் சாவு வீட்டைத் தனியாக விடமாட்டோம். இளைஞர்கள் கூடி உட்கார்ந்து மத்தளம் தட்டிப் பாடுவார்கள். அன்று மத்தியானம் அந்த விமான நிலையத்தில் அதையே செய்தார்கள். ருவாதா தன் கெட்டிப் பெட்டியைக் காலிசெய்து கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் தட்டினான். ஆறு பேரும் ரெமியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். சுற்றிலும் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். காவலர் ஒருவர் வேகமாக வந்தார். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த நேபாளிப் பெண் அவரிடம் என்னவோ சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வழியில் நட்டிருந்த கயிற்றுத் தடுப்பைத் தூக்கி, இரண்டடி தள்ளி வைத்து இடத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போனார். "அதுவரைக்கும் ரெமி அழல சார்" என்றான் ருவாதா. "அப்புறந்தான் அழுதா."

நான்காம் நாள் மதியம் விமானக் கம்பெனி மேசையில் இருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாருக்கும் புரியாதபடி மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் அது லால்ரெம்ருவாதி என்று தெரிந்தது. ஒரு வழி திறந்திருக்கிறது. கொல்கத்தாவுக்கு ஒரு விமானம். துக்கத்துக்குப் போகிறவள் என்பதால் ஒரே ஒரு இடம். நாற்பது நிமிடத்தில் ஏற வேண்டும். அதில் ஏறினால் மறுநாள் பதினொரு மணிக்கு எங்கள் ஊர் லெங்புய் விமான நிலையம். அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம்.

ரெமி கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். டாரி தரையில் மண்டியிட்டு ரெமியின் போர்வையை மடித்து அவள் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். "ஓடுக்கா, நேரமாச்சு, ஓடு" என்றாள். கடிதத்தில் இருந்த தேதி மறுநாள்.

மேசையில் இருந்த பெண்ணிடம் ரெமி, "இந்த இடத்தை அவளுக்குக் கொடுங்க" என்றாள். இது சாவுக்காகக் கொடுக்கும் இடம், கைமாற்ற முடியாது என்றாள் அந்தப் பெண். ரெமி விடவில்லை. "எங்கம்மா எனக்காகக் காத்திருக்காங்க. ஆனா அவங்க காத்திருக்க முடியும். இவளால முடியாது." மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். டாரி வேண்டாம் வேண்டாம் என்று அழ, ருவாதாவும் மற்றவர்களும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போய் வாயிலில் விட்டார்கள்.

பிறகு ரெமி வீட்டுக்குப் போன் செய்தாள். அப்போது நான் முவானாவின் பக்கத்தில் இருந்தேன். அவள் குரல் எனக்கும் கேட்டது. "இடம் கிடைக்கலண்ணா. காத்திருக்க வேணாம். எடுத்துடுங்க."

மறுநாள் நண்பகல் அடக்கம் நடந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்து ரெமி வந்து சேர்ந்தாள். பாட்டு நாட்கள் முடிந்து, துக்கத்துக்கு இரவல் வாங்கிய பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவள் சைப்ரஸுக்குத் திரும்பிப் போகவில்லை. தெருமுனையில் சலூன் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து லுங்லெய்யிலிருந்து டாரியின் அப்பா வந்தார். கையில் ஒரு சேவல், மனைவி நெய்த ஒரு புவான் துணி. முவானாவின் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் இருக்க, புவானை ரெமியின் தோளில் போர்த்தினார். "பேரன் பிறந்துட்டான். பேத்தியா இருந்தா உன் பேரைத்தான் வச்சிருப்போம்" என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முவானாவிடம் சொன்னார்: "உன் தங்கச்சி கையில இருந்த இடத்தை என் பொண்ணுக்குக் கொடுத்தா. உங்கம்மா முகத்தையே விட்டுக்கொடுத்தா தம்பி." நன்றி சொல்ல வந்த மனிதர், வேறு எப்படிச் சொல்வார்? முவானா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தான். எழுந்து வெளியே போனான்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. சலூனுக்குக் கீழே பதினைந்து படி தள்ளித்தான் அவன் வீடு. அண்ணி குழம்பு கொடுத்துவிடுவாள், குழந்தைகள் மேலே ஓடிவரும், அவன் மட்டும் வரமாட்டான். வேறு கடைக்கும் போகவில்லை. முடி வளர்ந்து தோளைத் தொட்டது. கேட்டவர்களிடம் சுமோ ஓட்டுகிறவனுக்கு எதற்கு அலங்காரம் என்றான். தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது. ஒருமுறை, பெஞ்சில் யாரும் இல்லாதபோது, அன்றைக்குச் செய்தது சரிதான் என்று நினைக்கிறாயா என்று ரெமியிடம் கேட்டுவிட்டேன். வெகுநேரம் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சுக் கொடுக்கல சார். யோசிச்சிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

போன சனிக்கிழமை காலை, என் முறை வந்து நான் எழுந்தபோது வாசலில் முவானா நின்றான். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவன் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். ரெமி துணியைக் கட்டினாள். அரைமணி நேரம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. தரையெல்லாம் முடி.

முவானா கண்ணாடியைப் பார்த்துப் பேசினான். "ரெண்டு நாளும் அம்மாவை வைக்க மீன் மார்க்கெட்லேர்ந்து ஐஸ் கட்டி நான்தான் தூக்கினேன். கோணியில சுத்தி, படி படியா இறக்கி. யாரையும் தொட விடல. கை மரத்துப் போச்சு. கதவைத் தட்டினாக்கூடத் தெரியல கையில."

"எனக்கு யாரும் சொல்லலண்ணா."

"நான்தான் சொல்ல வேணாம்னேன்." கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினான். "நீயும்தான் சொல்லல. இடத்தைக் கொடுத்துட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, கூடாதுன்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பே."

அவன் யோசித்தான். "ஆமா," என்றான். "சொல்லியிருப்பேன்."

ரெமி கத்தரியைக் கீழே வைத்தாள். அடுப்பில் இருந்த வெந்நீரில், கழுத்து துடைக்க வைத்திருக்கும் துண்டை முக்கிப் பிழிந்தாள். துணிக்குள் கிடந்த அவனுடைய கைகள் இரண்டையும் வெளியே எடுத்து, மடியில் சேர்த்து வைத்து, ஆவி பறக்கும் துண்டை அவற்றின் மேல் சுற்றினாள். சூடு ஆறும்வரை தன் கையை எடுக்கவில்லை.