சாக்பீஸ் கோடு

என் அக்கா வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். லீவு நாள் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. வயலை ஒட்டிய அந்த வீட்டில் பாதிச் சாமான் அவர் கைவண்ணம்தான். கோழிக்கூடு செய்தார், முடித்த பிறகுதான் முட்டை எடுக்கக் கை உள்ளே போகாது என்று தெரிந்தது. மேசை செய்தார், ஓர் உதை விட்டால்தான் டிராயர் திறக்கும். கிண்டல் செய்தால், "கடையில வாங்கினா உதைக்க மனசு வருமா மாப்ளே?" என்பார்.

அடுத்து அவர் கைவைத்தது தண்ணீர்த் தொட்டியில். கிணற்றுக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டங்களை போல்ட் போட்டு இணைத்து, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஸ்டாண்ட். பாதி வேலையில் வேனுக்கு அழைப்பு வர, போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். ஸ்டாண்டுக்கு அடியில் நல்ல நிழல். பாத்திரம் தேய்க்க அக்கா அங்கே இடம் பிடித்துக்கொண்டாள்.

மச்சானிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஸ்பேனரால் இறுக்கியதும் கோட்டை அழித்துவிடுவார். அவருடைய மறதிக்கு அதுதான் மருந்து.

அடுத்த லீவுக்கு நான் போயிருந்தேன். அவர் ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். ஒரு கோடுகூட இல்லை.

"அட, எல்லாத்தையும் இறுக்கிட்டுத்தான் போயிருக்கேன் மாப்ளே!"

இருவருமாகத் தொட்டியை மேலே ஏற்றினோம். மோட்டாரைப் போட்டார். அக்கா பாத்திரக் கூடையோடு அடியில் வந்து உட்கார்ந்தாள். அவள் தேய்த்து முடிக்கும் நேரத்தில், ஏதாவது பேச வேண்டுமே என்று, "இரும்பெல்லாம் பளிச்சுனு இருக்கேக்கா" என்றேன்.

"பின்னே? நாளைக்கு அவர் தங்கச்சி வர்றா. பார்த்த இடமெல்லாம் சாக்பீஸ் கிறுக்கல். ஈரத்துணியால ஒண்ணு விடாம துடைச்சேன்."

மச்சானின் முகம் வெளுத்துப்போனது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். தொட்டி அதற்குள் பாதி நிறைந்திருந்தது. மேலே எங்கோ 'க்ரீச்' என்றது.

"எழுந்து வா!"

"ரெண்டு தட்டுதாங்க பாக்கி."

அவர் குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். பிறகு அந்த மனுஷனே அடியில் புகுந்து தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் முழுக்க வடிகிற வரைக்கும் அக்காவை நான் கிட்டே விடவில்லை.

"தண்ணிய ஏன் இப்படி வீணாக்குறீங்க? பைத்தியமா?" என்று அக்கா கத்தினாள்.

அவர் கிணற்றுப் பக்கத்துக் காலில் இருந்த போல்ட்டைத் தொட்டார். விரலுக்கே சுழன்றது. அது அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது.

"இறுக்க மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார் அவளிடம். என்னைத் தனியே இழுத்து, "துடைச்சதைப் பத்தி மூச்சுவிடாத. தெரிஞ்சா அவ தூங்க மாட்டா" என்றார். அன்றைக்குத் தூங்காதது அவர்தான்.

அடுத்த முறை போனபோது மச்சான் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஈரத்துணியோடு ஒரு சட்டத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"இதென்னடா, போல்ட்டுக்குப் பக்கத்துல சிவப்புப் பெயிண்ட் கோடு? எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

ஏணிமேல் இருந்த மச்சான் என்னைப் பார்த்தார். "நல்லாத் தேய்ச்சுப் பாரு" என்றார் அவளிடம்.