கொழுக்கட்டைப் புல் விதை விற்ற கதை

புல் விதை விற்பது என்பது, வாங்க வந்தவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து பேச்சைத் தொடங்க வேண்டிய தொழில். கேட்காத சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டப் பார்த்து முகம் சுருங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு புரியும். எண்பதுகளின் கடைசியில் அவிநாசியில் ஒரு விதைக் கடையில் சேர்ந்தேன். சோளம், கம்பு, காய்கறி விதையெல்லாம் முதலாளி பார்த்துக்கொண்டார். யாரும் தொடாமல் கிடந்த கொழுக்கட்டைப் புல் எனக்கு வந்தது.

பிடுங்கியது போதாதா?

இந்தப் புல் ஒரு தடவை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் இருக்கும். கோடையில் செத்த மாதிரி கிடக்கும்; ஒரு மழை விழுந்தால் தூரிலிருந்து துளிர்த்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். கிளுவை வேலிக்குள் மாட்டை மேயவிடுகிற நம் மானாவாரிக் காட்டுக்கு இதைவிடத் தோதான தீவனம் இல்லை.

இவ்வளவையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். எதிரே நின்றிருந்த அம்மா களையெடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தவர். முழங்கை வரை மண். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, காத்தால இருந்து குனிஞ்சு புல்லு புடுங்குனது போதாதுங்களா, காசு குடுத்து வேற வாங்கோணுங்களா?"

பஞ்சு மூட்டை

விதைக்குக் கனமே கிடையாது. மேலெல்லாம் சுணை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்படியே வீசினால் காற்றில் திரும்பி வந்து நம் வேட்டியில் ஒட்டும். ஈர மணலில் பிசைந்துதான் தூவ வேண்டும். தூவிய பிறகு உழுது மூடக் கூடாது, முள்கொத்தை மேலாக இழுத்துவிட்டால் போதும். ஆழத்தில் போனால் முளைக்காது.

வேலம்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கொத்தை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எங்கூட்டுக்குப் பக்கத்துல நிட்டிங் கம்பெனி சன்னலுக்குக் கீழ இந்தப் பஞ்சு சும்மாவே கெடக்குதுங்க, அள்ளிட்டு வந்து தரட்டுங்களா?" என்றார்.

புது விதை

சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் சென்னியப்பன். ஊருக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு காங்கயம் பசுக்கள். மகன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். கிணறு வற்றி, சோளத்தட்டையும் விலைக்கு வாங்குகிற நிலைமை வந்ததும் மாடுகளை விற்றுவிடச் சொல்லித் தினமும் நச்சரித்தான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. கடைசியில் அப்பனும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஐப்பசி மழைக்குக் காட்டில் புல் வந்துவிட்டால் மாடுகள் இருக்கும். பொங்கலுக்குள் வராவிட்டால் சந்தைக்குப் போகும்.

கடையில் இரண்டு மூட்டை விதை இருந்தது. ஒன்று போன வருஷத்து மீதி. இன்னொன்று அந்த மாதம்தான் அறுத்துக் காயவைத்து வந்தது. பழைய விதையைத் தள்ளிவிடுகிறவன் கடைக்காரனே இல்லை என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். நல்ல மனுஷனுக்கு நல்லதாகக் கொடுப்போம் என்று புதுசையே எடுத்துக் கொடுத்தேன். அவரும் நான் சொன்னபடியே மணலில் பிசைந்து தூவினார்.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையிலும் பெய்தது. தினமும் காலையில் காட்டில் போய்க் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். ஒரு முளைகூடக் காணோம். மார்கழியில் கடைக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்க மேல குத்தமில்லீங்க தம்பி, நானுந்தானே புதுசுன்னு சந்தோசமா வாங்கிட்டுப் போனேன்."

விவரம் தெரிந்தவர்

பொங்கல் கழிந்து, எங்களுக்கு விதை கொண்டுவந்து போடுகிறவர் வந்தார். இப்படியா மட்டமான விதையைக் கொடுப்பது என்று அவர்மேல் பாய்ந்தேன். எப்போது விதைத்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அறுத்தவொடனே போட்டா எப்படீங்க மொளைக்கும்? இந்த வெதைக்கு ஆறேழு மாசம் ஒறக்கம் வேணுமுங்களே!"

கோடை மழை

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். நிலத்தை உழுதுவிடாதீர்கள், மாட்டை விற்காதீர்கள் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் பாதி மட்டும்தான் பயன்பட்டது. கட்டுத்தறி காலியாக இருந்தது. ஒதுக்கி வைத்த அந்தப் பழைய மூட்டையைக் கொடுத்திருந்தால் அந்த மாடுகள் அங்கேயே நின்றிருக்கும். அதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்; பக்கத்து வீட்டு மோர்.

வைகாசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. மனசு கேட்காமல் மறுபடி போனேன். காடு முழுக்கப் புல், கணுக்கால் உயரத்துக்கு. அவ்வளவு சீராக முளைத்த விதையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சென்னியப்பன் நடுவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கை காட்டிக் கூப்பிட்டார். "வாங்க தம்பி, எப்புடி வந்துருக்குது பாருங்க! இதைத் திங்கறதுக்கு இனி நாந்தானுங்க பாக்கி" என்றார்.

அன்று முதல் நான் அந்தக் கடையில் இருந்தவரை பழைய விதையையே எடுத்துக் கொடுத்தேன். அதற்காக வாங்கிய திட்டுகளில் ஒன்றைக்கூட மறுத்துப் பேசியதில்லை.